பிரான்சைஸ் கடை எடுக்கப் போகிறோம்: டிஸ்குளோஷர் ஆவணத்தில் எதைப் பார்க்க வேண்டும்? (ஒன்ராறியோ, கனடா)

ஏஜாக்ஸ்_வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் ஒரு சாப்பாட்டுக் கடை பிரான்சைஸ் (ஒரு செயினின் பெயரில், அவர்களுக்குக் கட்டணம் கட்டி நாங்கள் நடத்துகிற கடை) எடுக்கலாம் என்று இருக்கிறோம். பொரித்த கோழியும் பபிள் ரீயும் விற்கிற செயின். ஒன்ராறியோவில் முப்பதுக்கு மேல் கடைகள் இருக்கின்றன. பெயரை இங்கே போட விரும்பவில்லை. கணவர் வேலை பார்த்த வேர்ஹவுஸை மூடிவிட்டார்கள். அதில் வந்த காசு கொஞ்சம் இருக்கிறது, மிச்சத்துக்கு வீட்டின் மேல் கடன் எடுக்க வேண்டும். அதனால்தான் எனக்குப் பயம்.

பிரான்சைஸ் கட்டணம் 35,000 டொலர், எச்எஸ்ரி (விற்பனை வரி) வேறு. கடையைக் கட்டி முடிக்க எல்லாமாக மூன்றரை இலட்சம் வரும் என்கிறார்கள். கம்பனியின் விற்பனையாளரும் தமிழர்தான், மரியாதையாகப் பழகுகிறார். எங்களை இரண்டு கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் தாள் அனுப்பினார். மாதம் 75,000 விற்பனை, எல்லாச் செலவும் போக 11,000 கையில் மிஞ்சும் என்று அதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் 212 பக்கப் பிடிஎஃப் ஒன்று ஈமெயிலில் வந்தது. அதுதான் டிஸ்குளோஷர் ஆவணமாம், வாங்க வருகிறவருக்குக் கம்பனி தன் விபரங்களை எழுத்தில் தருவது. "அரசாங்க விதிப்படி செய்தது அக்கா, எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்றார்.

இப்போது விற்பி (Whitby) நகரில் ஒரு பிளாசாவில் நல்ல இடம் இருக்கிறதாம். அதைப் பிடித்து வைக்க வெள்ளிக்கிழமைக்கு முன் 15,000 கட்டச் சொல்கிறார். இரகசியம் காப்போம் என்று ஒரு தாளில் ஏற்கெனவே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அப்படியானால் இதைப் பற்றி வெளியில் யாரிடமும் கதைக்கக் கூடாதா? இந்த 212 பக்கத்தில் எதை வாசித்தால் போதும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கடைக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் பிரம்ப்டனில் ஒன்பது வருடம் ஒரு சாண்ட்விச் செயின் கடை வைத்திருந்து விற்றவன். நட்டமில்லை, பெரிய இலாபமும் இல்லை. சட்டம் தெரிந்தவர்கள் மற்றதைச் சொல்லட்டும், நான் காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆவணத்தில் ரோயல்டி (கம்பனிக்குத் தொடர்ந்து கட்டுகிற பங்கு) எத்தனை வீதம், விளம்பர நிதி எத்தனை வீதம் என்று பாருங்கள். சாப்பாட்டுக் கடைகளில் 6 உம் 2 உம் சாதாரணமாகக் காண்கிற கணக்கு. இந்த 8 வீதம் இலாபத்தில் இல்லை, மொத்த விற்பனையில். அவர் சொல்கிறபடி 75,000 விற்றால் 6,000 மேலே போகும். 45,000 தான் விற்றீர்கள் என்றால் 3,600 போகும், அந்த மாதம் உங்களுக்கு நட்டமாக இருந்தாலும் போகும். பெரும்பாலும் கிழமைக்குக் கிழமை வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

அதோடு சாமான் எங்கே வாங்க வேண்டும் என்பதையும் பாருங்கள். எங்களுக்கு ரொட்டி, இறைச்சி, கடதாசிக் கோப்பை வரைக்கும் அவர்கள் காட்டிய சப்ளையரிடம்தான் எடுக்க வேண்டும். அதே கோப்பை மொத்தக் கடையில் மலிவாகக் கிடக்கும், வாங்க முடியாது. சப்ளையர் கம்பனிக்கு ரிபேட் (நாங்கள் வாங்குகிறதில் ஒரு பகுதிக் காசு) கொடுப்பான். அந்த ரிபேட்டை வாங்குகிறார்களா, வாங்கினால் கடைக்காரருடன் பங்கிடுகிறார்களா என்பதை ஆவணத்தில் எழுதியே ஆக வேண்டும். என் ஆவணத்தில் ஒரு வரியில் இருந்தது, "பங்கிடத் தேவையில்லை" என்று.

எக்செல் தாளில் சம்பளம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள்? 2025 ஒக்டோபரிலிருந்து மணித்தியாலத்துக்கு 17.60 டொலர் ஆகக் குறைந்த சம்பளம். நீங்களும் கணவரும் நிற்கிற மணித்தியாலங்களுக்குச் சம்பளம் போடாமல் 11,000 மிஞ்சும் என்று காட்டியிருந்தால், அது இலாபம் இல்லை, உங்கள் இருவரின் கூலி.

மார்க்கம்_கிளார்க் எழுதியது:

அக்கா, முதலில் ஒன்று. நான் லோயர் இல்லை. பிரான்சைஸ் வழக்குகள் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் லோ கிளார்க்காக இருக்கிறேன். இந்த ஆவணங்களைப் பிரித்து அடுக்கி, எது இருக்கிறது எது இல்லை என்று குறிப்பெழுதி லோயரின் மேசையில் வைப்பதுதான் என் அன்றாட வேலை. எங்களிடம் வருகிறவர்களில் மிகப் பலர் கையெழுத்து வைத்து, கடை திறந்து, காசு கரைந்த பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் முன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"அரசாங்க விதிப்படி செய்தது" என்பது பாதி உண்மை. ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டு வந்த ஆர்தர் விஷார்ட் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முன்னாள் அமைச்சர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். பிரான்சைஸ் விற்கிறவர் வாங்க வருகிறவருக்கு இன்னின்ன விடயங்களை எழுத்தில் தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அந்த ஆவணத்தை அரசாங்கத்தில் ஒருவரும் வாசிப்பதில்லை, அங்கீகரிப்பதும் இல்லை, எங்கேயும் பதிவதும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் விற்க முன் பதிய வேண்டும். இங்கே அது கிடையாது. கம்பனி எழுதுகிறது, அப்படியே உங்கள் கைக்கு வருகிறது. உங்களுக்காக அதைச் சரிபார்க்க நீங்களும் நீங்கள் பிடிக்கிற லோயரும் தவிர வேறு ஆள் இல்லை. "எல்லோருக்கும் ஒரே மாதிரி" என்பதும் சரியில்லை. உங்களுக்குத் தருகிற ஆவணம் உங்கள் கடையைப் பற்றிய முக்கியமான தகவல்களையும் கொண்டிருக்க வேண்டும்.

15,000 டொலர் விடயம். ஆவணம் கைக்கு வந்து 14 நாள் ஆகும்வரை பிரான்சைஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கக் கூடாது, காசும் வாங்கக் கூடாது என்பதுதான் அடிப்படை விதி. 2020 செப்டெம்பரில் ஒரு தளர்வு வந்தது. முற்பணம் வாங்கலாம், ஆனால் நீங்கள் வேண்டாம் என்றால் ஒரு சதமும் கழிக்காமல் திருப்பித் தர வேண்டும், அது உங்களை எதற்கும் கட்டுப்படுத்தக் கூடாது, பிரான்சைஸ் கட்டணத்தின் 20 வீதத்துக்கு மேலும் போகக் கூடாது. உங்கள் கட்டணம் 35,000. அதில் 20 வீதம் 7,000. 15,000 கேட்பது அந்த எல்லையைத் தாண்டுகிறது. இதை விற்பனையாளரிடம் ஈமெயிலில் எழுதிக் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். சட்டம் தெரிந்த கம்பனி என்றால் உடனே தொகையைத் திருத்துவார்கள். "இடம் போய்விடும், யோசிக்காதீர்கள்" என்று பதில் வந்தால், கடை திறந்த பிறகு அவர்கள் உங்களை எப்படி நடத்துவார்கள் என்பது இப்போதே தெரிந்துவிடும்.

இரகசியத் தாள்: அதில் கையெழுத்து வாங்கியது தவறில்லை. ஆனால் உங்கள் லோயர், கணக்காளர், அதே செயினின் மற்றக் கடைக்காரர்கள் ஆகியோரிடம் கதைப்பதை அந்தத் தாள் தடுக்கக் கூடாது. தடுத்தால், 14 நாளுக்கு முன்பே கையெழுத்து வாங்கலாம் என்று சட்டத்தில் அதற்குக் கொடுத்திருக்கிற விலக்கே கிடைக்காது. ஆகவே பயப்படாமல் அவர்களுடன் கதையுங்கள். நீங்கள் இங்கே கம்பனியின் பெயரைப் போடாமல் கேட்டதும் நல்லது, அப்படியே இருக்கட்டும்.

எக்செல் தாளைத் தனியாகச் சேமித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட்டும் எடுங்கள். வருமானம் இவ்வளவு வரும் என்று கம்பனி சொல்வதென்றால், அதை ஆவணத்துக்குள்ளேயே சொல்ல வேண்டும். எந்த அடிப்படையில் சொல்கிறது, என்னென்ன அனுமானம், அதை நிரூபிக்கிற தகவலை எங்கே வந்து பார்க்கலாம் என்பதும் கூடவே இருக்க வேண்டும். நான் பார்க்கிற கோப்புகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: ஆவணத்தில் "நாங்கள் வருமானக் கணிப்பு எதுவும் தருவதில்லை" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், விற்பனையாளரின் தொலைபேசியில் எக்செல் தாள் இருக்கும். நீங்கள் அவருக்கு எழுதுங்கள்: "நீங்கள் அனுப்பிய 75,000 கணக்கை டிஸ்குளோஷர் ஆவணத்தில் சேர்த்துத் தருவீர்களா?" வருகிற பதிலைப் பார்த்து முடிவெடுங்கள்.

இனி, 212 பக்கத்தில் எங்கே தொடங்குவது. நான் எந்த ஆவணத்தையும் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதில்லை. மூடிய கடைகளின் விபரத்துக்குத்தான் முதலில் போவேன். கடந்த மூன்று நிதியாண்டுகளில் எத்தனை கடைகள் இந்தச் செயினை விட்டுப் போயின, ஏன் போயின என்று எழுத வேண்டும். ஒப்பந்தத்தை முறித்தது, புதுப்பிக்காதது, கம்பனியே திருப்பி வாங்கியது, வேறு விதமாக விலகியது எல்லாம் அதில் வர வேண்டும். காரணம் என்ற நிரலைக் கவனியுங்கள். "இரு தரப்பு உடன்பாட்டில்" என்று வரிசையாக இருந்தால் அது காரணமே இல்லை. வாடகை கட்ட முடியாமல் சாவியைக் கொடுத்தவருக்கும் அதைத்தான் போடுவார்கள், ஓய்வெடுத்துக்கொண்டு போனவருக்கும் அதைத்தான் போடுவார்கள்.

அதற்கு அடுத்து ஒரு பட்டியல் இருக்க வேண்டும்: கடந்த நிதியாண்டில் விட்டுப் போனவர்களின் பெயர், கடைசியாகத் தெரிந்த முகவரி, தொலைபேசி எண். இப்போது கடை நடத்துகிறவர்களின் பட்டியலும் தனியாக இருக்கும். இன்றைய கடைக்காரர்களையும் முன்னாள் கடைக்காரர்களையும் தொடர்புகொள்ளும்படி உங்களை வலியுறுத்துகிற ஒரு வாசகத்தை ஆவணத்தில் அச்சிட வேண்டும் என்று விதியே கட்டாயப்படுத்துகிறது. அந்த வாசகத்தைக் கடந்து போய்க் கையெழுத்து வைத்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பு, அரை மணித்தியாலம். மூன்றரை இலட்சத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தயவுசெய்து செய்யுங்கள் அக்கா.

இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. மூடிய விபரம் மூன்று வருடத்துக்கு, பெயர்ப் பட்டியல் ஒரே ஒரு வருடத்துக்கு. அதற்கு முதல் விட்டவர்களை நீங்கள்தான் தேட வேண்டும். மூடிய கடை எந்தப் பிளாசாவில் இருந்தது என்று தெரிந்தால், பக்கத்துக் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். சலூன்காரருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் தெரியாத கதை இருக்காது.

என்ன கேட்பது? "இலாபமா?" என்று கேட்காதீர்கள், ஒருவரும் நேரே சொல்ல மாட்டார்கள். முதல் வருடம் மாத விற்பனை எவ்வளவில் நின்றது, கடை கட்ட ஆவணத்தில் போட்ட தொகைக்கு மேல் எவ்வளவு போனது, பயிற்சி எத்தனை நாள் உண்மையில் தந்தார்கள், பிரச்சினை என்று கூப்பிட்டால் யார் வந்தது, விலகும்போது ஏதாவது எழுதிக் கையெழுத்து வாங்கினார்களா. கடைசிக் கேள்விக்கு "அதைப் பற்றிக் கதைக்க முடியாது" என்று பதில் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடைசிப் பக்கங்களுக்குப் போய்ச் சான்றிதழைப் பாருங்கள். "இதில் பொய்த் தகவல் இல்லை, முக்கியமான விடயம் எதுவும் விடுபடவில்லை" என்று கம்பனியின் அதிகாரிகள் அல்லது இயக்குநர்கள் குறைந்தது இரண்டு பேர் திகதியிட்டுக் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். கம்பனியில் ஒரே ஒருவர்தான் என்றால் ஒருவர் போதும். ஆவணத்தில் பிழையிருந்தால் கையெழுத்திட்ட ஒவ்வொருவர் மேலும் தனிப்பட்ட முறையில் வழக்குப் போட முடியும். இரண்டு பேர் வைக்க வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் வைத்திருந்த வழக்கு ஒன்று, மெண்டோசா வழக்கு, 2017இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. கடை எடுத்தவர் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது செல்லும் என்றார்கள். ஒரு கையெழுத்துக் குறைந்ததற்கு இவ்வளவா என்று தோன்றும். என்னைக் கேட்டால் அந்தத் தீர்ப்பு சரி. தன் பெயரைப் போட்டு உறுதி சொல்கிற ஒவ்வொருவரும் ஆவணத்தை ஒரு தடவையாவது கவனமாக வாசிப்பார் என்பதற்காகத்தான் இரண்டு பேர் கேட்கிறார்கள்.

கம்பனியின் நிதிக் கூற்றும் உள்ளே இருக்க வேண்டும். கணக்காய்வு செய்ததாகவோ, குறைந்தது கணக்காளர் ரிவ்யூ செய்ததாகவோ இருக்க வேண்டும். (மிகப் பெரிய கம்பனிகளுக்கு விலக்கு உண்டு. முப்பது கடைச் செயினுக்குக் கிடைக்குமா என்பது லோயரிடம் கேட்க வேண்டியது.) உங்களுக்குப் பிரான்சைஸ் தருகிற கம்பனியின் பெயர் என்ன? கடைப் பலகையில் உள்ள பெயரா, அல்லது பெயருக்குப் பதில் வெறும் இலக்கத்தில் போன வருடம் பதிந்த கம்பனியா? அந்தக் கம்பனியின் பெயரில் சொத்து ஏதும் இருக்கிறதா? இது ஏன் முக்கியம் என்றால், ஆவணம் தராமலே விற்றால் இரண்டு வருடத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். தந்தது பிந்தியது அல்லது குறையுள்ளது என்றால் ஆவணம் கிடைத்து 60 நாளுக்குள். குறை மிக மோசமாக இருந்தால் தராததற்குச் சமம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ரத்தானால் கட்டிய காசு, வாங்கிய உபகரணம், நடத்தியதில் வந்த நட்டம் எல்லாவற்றுக்கும் கம்பனி பொறுப்பு, 60 நாளுக்குள் தர வேண்டும். தாளில் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் கம்பனியிடம் காசு இல்லை என்றால் தீர்ப்பை வைத்து என்ன செய்வது? வென்றும் ஒன்றும் கிடைக்காமல் போனவர்களின் கோப்புகள் எங்கள் அலுமாரியில் இருக்கின்றன.

கடைசியாக விற்பி இடம். அந்தப் பிளாசாவில் குத்தகை யார் பெயரில்? பல செயின்களில் கம்பனி தான் நில உரிமையாளருடன் தலைக் குத்தகை போட்டு, உங்களுக்கு உள்குத்தகை தரும். அப்படியென்றால் அந்தக் குத்தகை ஆவணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2018இல் ஒரு வழக்கில், இடமே இன்னும் தெரிவாகவில்லை, ஒப்பந்தத்திலும் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இருந்தது, அதனால் குத்தகை இல்லாதது குறையில்லை என்றார்கள். 2022இல் ஒரு ஜூஸ் கடை வழக்கில், தலைக் குத்தகையைக் காட்டாமல் விற்றது பெருங்குறை, ரத்துச் செல்லும் என்றார்கள். உங்களுக்கு இடத்தைக் கையால் காட்டியே விட்டார்கள். குத்தகையைக் கேளுங்கள்.

ஸ்காபரோ_தம்பி எழுதியது:

அக்கா, நல்ல விளக்கம். எனக்கும் ஒன்று. நான் புதிதாகத் திறக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே நடத்துகிற கோப்பிக் கடையை அவரிடமிருந்து வாங்கப் போகிறேன். எனக்கும் இந்த ஆவணம் தருவார்களா?

மார்க்கம்_கிளார்க் எழுதியது:

தம்பி, நம்மவர்கள் அதிகம் மாட்டுகிற இடமே அதுதான். கடைக்காரர் தன் கடையைத் தானே உங்களுக்கு விற்கிறார், கம்பனி சம்மதம் மட்டும் கொடுக்கிறது என்றால், கம்பனி ஆவணம் தரத் தேவையில்லை. மாற்றக் கட்டணம் வாங்கினாலும் அந்த விலக்கு போகாது. ஆனால் கம்பனி அதற்கு மேல் கையைப் போட்டால், உதாரணத்துக்கு ஆளைத் தேடித் தந்து, விலை பேசி, உங்களுடன் புது நிபந்தனையில் புது ஒப்பந்தம் போட்டால், விலக்கு நிற்குமா என்பது கேள்விக்குறி. லோயரிடம் முழு விபரமும் சொல்லுங்கள்.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் கேட்கலாமே. "தற்போதைய டிஸ்குளோஷர் ஆவணத்தைத் தந்தால்தான் வாங்குவேன்" என்று விற்கிற ஊர்க்காரரிடம் சொல்லுங்கள், அவர் கம்பனியிடம் கேட்கட்டும். அவருடைய மூன்று வருட வரிக் கணக்கும் எச்எஸ்ரிப் பத்திரமும் கேளுங்கள். பெட்டிக்கு வராத காசு விற்பனை தனியாக இருக்கிறது என்று கதை சொன்னால், அந்தக் காசுக்கு நீங்கள் விலை கொடுக்காதீர்கள். அவருடைய ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் மிச்சம், முடியும்போது கடையைப் புதுப்பிக்க வேண்டுமா என்பதையும் பாருங்கள். இரண்டு வருடம்தான் மிச்சம் என்றால் நீங்கள் வாங்குவது இரண்டு வருடக் கடையைத்தான்.

மொன்றியல்_வாசகன் எழுதியது:

கியூபெக்கில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, 14 நாள் விதியும் கிடையாது. சிவில் கோட்டின் 1375ஆம் பிரிவு சொல்கிற நன்னம்பிக்கைக் கடமையை (ஒருவருக்கொருவர் நேர்மையாக நடக்க வேண்டும் என்பதை) வைத்துத்தான் வாதாட வேண்டும். அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா, மனிட்டோபா, நியூ பிரன்ஸ்விக் போன்ற மாகாணங்களில் ஒன்ராறியோ மாதிரிச் சட்டம் இருக்கிறது. கனடா முழுக்கக் கடை வைத்திருக்கிற செயின் என்றால் அந்த மாகாணங்களுக்காக எழுதிய ஆவணம் கட்டாயம் வைத்திருக்கும். மொன்றியலில் எடுப்பவர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏஜாக்ஸ்_வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன்.

மூடிய கடைகள் 94ஆம் பக்கத்தில் இருந்தன. மூன்று வருடத்தில் ஏழு. ஐந்துக்கு "இரு தரப்பு உடன்பாட்டில்", ஒன்றைக் கம்பனியே வாங்கியிருக்கிறது, ஒன்றுக்குக் காரணம் எழுதவில்லை. பெயர்ப் பட்டியலில் மூன்று பேர். ஓர் இலக்கம் வேலை செய்யவில்லை. ஒருவர் எடுத்தார், அதைப் பற்றிக் கதைக்க முடியாது என்று வைத்துவிட்டார். மூன்றாமவர் கிச்சினரில் கடை வைத்திருந்த ஒரு பஞ்சாபிப் பெண், ஒரு மணித்தியாலம் கதைத்தார். முதல் வருடம் அவரது விற்பனை மாதம் 41,000ஐத் தாண்டவில்லையாம். கோழியைக் கம்பனி சொன்ன சப்ளையரிடம்தான் எடுக்க வேண்டும், விலை கூடினாலும் மெனுவில் விலையைக் கூட்ட விடவில்லையாம். வாடகை நான்கு மாதம் பின்தங்கியபோது, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் குத்தகையிலிருந்து வெளியே வந்திருக்கிறார். "உங்களுக்கு யாராவது என் இலக்கத்தைத் தந்தார்களா, நீங்களாகத் தேடினீர்களா?" என்று கேட்டார். ஆவணத்தில் இருக்கிறது என்றேன். அவர் எடுத்தபோது தன்னிடமும் அந்தப் பட்டியல் இருந்ததாம், ஒருவரையும் கூப்பிடவில்லையாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது கடை நடத்துகிறவர்களில் நான்கு பேருடன் கதைத்தேன். ஒஷாவாவில் ஒரு குடும்பம் நல்ல சந்தோஷமாக இருக்கிறது. கல்லூரிக்குப் பக்கத்தில் கடை, பிள்ளைகள் இருவரும் மாறி மாறி நிற்கிறார்கள், மாதம் 70,000க்குக் கிட்ட வருகிறது என்றார்கள். ஆகவே எக்செல் தாள் முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அது நல்ல கடையின் கணக்கு, நாங்கள் எடுக்கப் போகிற கடையின் கணக்கு இல்லை.

சான்றிதழில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. குத்தகை இல்லை. ரிபேட் பற்றிப் பழைய_கடைக்காரன் அண்ணா சொன்ன அதே வரி அப்படியே இருக்கிறது. முற்பணம் பற்றி ஈமெயில் போட்டேன். "7,000 போதும், திருப்பித் தரக்கூடியது" என்று ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது.

இப்போது ஒரு புதுச் சிக்கல். ஆவணம் கிடைத்ததற்கு ஒரு பற்றுத் தாள் அனுப்பி, அதில் 3ஆம் திகதி என்று போட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார். எனக்கு ஈமெயிலில் வந்தது 11ஆம் திகதி. "நாங்கள் சந்தித்தது 3ஆம் திகதிதானே, அதைப் போட்டால் வேலை சுறுக்காக முடியும்" என்கிறார். போடலாமா?

மார்க்கம்_கிளார்க் எழுதியது:

போடாதீர்கள் அக்கா. 11 என்றுதான் போட வேண்டும். ஈமெயிலில் தந்த ஆவணத்துக்கு உங்கள் எழுத்துமூலப் பற்று அவர்களுக்குத் தேவை, அதனால் அவர்கள் கேட்பது சரி. திகதிதான் சரியில்லை. 14 நாளும், பின்னால் ரத்துச் செய்ய வேண்டி வந்தால் 60 நாளும் ஆவணம் கிடைத்த திகதியிலிருந்துதான் எண்ணப்படும், அந்தத் திகதிக்குச் சான்று இந்தத் தாள்தான். 3 என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் 11 என்று நிரூபிக்க ஓட வேண்டி வரும். உங்கள் கையால் 11 எழுதி, ஒரு படம் எடுத்து வைத்து, "ஆவணம் எனக்கு 11ஆம் திகதி இந்த ஈமெயிலில் கிடைத்தது" என்று ஒரு வரியுடன் திருப்பி அனுப்புங்கள். 25ஆம் திகதி முடியும்வரை வேறு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வேண்டாம்.

குத்தகையை எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்தான குத்தகை என்றால், அதைத் தனியாக ஒரு ஈமெயிலில் தள்ளிவிட விடாதீர்கள். சட்டம் எல்லாவற்றையும் ஒரே ஆவணமாக, ஒரே நேரத்தில் தரச் சொல்கிறது. குத்தகையைச் சேர்த்துப் புதிதாக முழு ஆவணம் தரட்டும், அந்த நாளிலிருந்து 14 நாளை மறுபடி எண்ணுங்கள். இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது என்றால், இடம் சரிவராவிட்டால் முழுக் காசும் திரும்பும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று லோயரிடம் காட்டுங்கள். லோயரை நீங்களே பிடியுங்கள், விற்பனையாளர் சொல்கிற லோயர் வேண்டாம். பிரான்சைஸ் பார்க்கிறவராக இருக்க வேண்டும், வீடு வாங்கும்போது வந்தவர் இதற்குச் சரிவராது.

கிச்சினர் பெண் சொன்னதைத் திகதி போட்டு எழுதி வையுங்கள். "இரு தரப்பு உடன்பாட்டில்" என்ற ஐந்தில் எத்தனை அப்படி வெளியேறியவை என்று கம்பனியிடமே கேட்கலாம், கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஏஜாக்ஸ்_வாசி எழுதியது:

11 போட்டு அனுப்பிவிட்டேன், படமும் எடுத்து வைத்திருக்கிறேன். குத்தகை கேட்டு ஈமெயில் போயிருக்கிறது. 7,000உம் இன்னும் கட்டவில்லை, குத்தகையைப் பார்த்த பிறகுதான் என்று கணவரும் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை லோயரிடம் போகிறோம், மிசிசாகாவில் பிரான்சைஸ் மட்டும் பார்க்கிற ஒருவர். என்ன பதில் வருகிறது என்று இங்கே எழுதுகிறேன்.